ஏலாக்குறிச்சிப் பங்கைத் தாங்கிய தோள்கள்

திருவையாற்றிலிருந்து வடக்கே வந்து கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால் திருமானூர். அந்த வழியாக ஏலாக்குறிச்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரு மாவட்டத்தை விட்டு இன்னொரு மாவட்டத்துக்குள் நுழைந்த எண்ணமே வராது. தென்கரையில் பார்த்த அதே நெல்வயல், அதே மூங்கில் புதர், அதே பேச்சு. தாலுகா ஆபீஸ் வேலைக்கு நாம் அரியலூர்ப் பக்கம் போனாலும், பெண் கொடுப்பதும் எடுப்பதும், கல்யாணத்துக்குத் துணி எடுப்பதும், நோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரி தேடுவதும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். ஆனால் 300 ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஆறு இரண்டு அரசுகளைப் பிரித்த எல்லை. நம் பங்கின் கதையே அந்த எல்லையிலிருந்துதான் தொடங்குகிறது.

கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மராட்டியர் ஆட்சி. வடக்கே அரியலூர் மழவராயர்களின் பாளையம். 1701ஆம் ஆண்டு தஞ்சையில் சகசி மன்னர் காலத்தில் கிறிஸ்தவர்கள் மீது கடுமையான அடக்குமுறை வந்தது. கோயில்கள் இடிக்கப்பட்டன, பலர் சிறைப்பட்டார்கள், வேதத்தை விட்டவர்களும் உண்டு, ஊரை விட்டவர்களும் உண்டு. ஊரை விட்டவர்களுக்கு ஆற்றின் இந்தப் பக்கம் புகலிடமாயிற்று. மழவராயர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனால் தங்கள் மண்ணில் வந்து குடியேறி உழுது பிழைக்கிறவர்களை அவர்கள் விரட்டவில்லை. நம் தாய்க்கு அடைக்கல மாதா என்ற பெயர் இந்த ஊரில் ஊன்றி நின்றதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பங்கு வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒன்று உண்டு. முதல் பங்குச்சாமியார் தொடங்கி இன்றைய பங்குச்சாமியார் வரை வரிசையாகப் பெயரும் ஆண்டும் போட்டு, யார் மணிக்கூண்டு கட்டினார், யார் மதில் எழுப்பினார் என்று எழுதி முடிப்பார்கள். அந்த வரிசையும் வேண்டியதே. ஆனால் ஏலாக்குறிச்சிக்கு அது மட்டும் போதாது. இந்தப் பங்கின் ஊர்கள் முதல் நூறு ஆண்டுகளில் சாமியாரை அபூர்வமாகவே கண்டன. பங்கைத் தூக்கிச் சுமந்தவர்கள் வேதியர்கள். பிற்காலத்தில் நாம் உபதேசியார் என்று அழைத்தவர்கள்.

இங்கிலாந்தின் கிராமப் பங்குகளைப் பற்றிப் படிக்கும்போது நம் பங்கின் வேறுபாடு நன்றாகத் தெரியும். அங்கே கோயிலுக்குப் பக்கத்திலேயே குருவானவரின் வீடு. பரம்பரை பரம்பரையாக விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்குப் போயிற்று. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1538ஆம் ஆண்டிலேயே அரச ஆணை பிறந்தது. அதனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் நாலு நூற்றாண்டுக்கு முந்தைய தம் பாட்டன் பெயரைப் பதிவேட்டில் தேடிப் பார்க்க முடிகிறது. நம் பங்கு சேர்ந்திருந்த மதுரை மிஷனின் கிராமங்களில் நிலைமை அப்படியில்லை. ஒரு சேசு சபைக் குருவின் பொறுப்பில் பல நாள் நடை தூரத்துக்குப் பரந்த ஊர்கள் இருந்தன. ஓர் ஊருக்கு அவர் ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ வருவார். வந்த சில நாட்களுக்குள் பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை வைத்து, நன்மை கொடுத்து, தீராத வழக்குகளைத் தீர்த்து அடுத்த ஊருக்குப் புறப்பட்டு விடுவார். மீதி நாளெல்லாம் வேதியர்தான்.

அவருடைய ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, ஓலை வேய்ந்த கோயிலைப் பெருக்கி விளக்கேற்ற வேண்டும். வீடு வீடாகச் சொல்லி ஆட்களைக் கூட்ட வேண்டும். பூசை இல்லாத ஞாயிறு என்பதால் செபம் சொல்வது, மந்திரங்களைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடமாக ஏற்றுவது, ஞான உபதேசம் வாசித்து விளக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. நடுவில் யாராவது ஓடி வந்து குழந்தை உயிருக்குப் போராடுகிறது என்றால் எழுந்து போய் அவரே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். சாகக் கிடப்பவர் தலைமாட்டில் அமர்ந்து நல்மரணத்துக்கு ஆயத்தம் செய்ய வேண்டும். கல்யாணப் பேச்சில் உறவுமுறைத் தடை உண்டா என்று விசாரிக்க வேண்டும். ஊர்ச்சண்டையில் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, சாமியார் வரும்போது யார் யார் பூசைக்கு வருவதில்லை, யார் வீட்டில் என்ன குறை என்று கணக்கும் ஒப்புவிக்க வேண்டும். அவருக்குப் பெரிய சம்பளம் ஏதுமில்லை. அறுவடைக் காலத்தில் களத்து நெல் கொஞ்சம் கிடைத்தால் உண்டு.

இந்த வேதியர்களுக்காகவே ஒரு புத்தகம் எழுதப்பட்டது. 1727ஆம் ஆண்டைச் சேர்ந்த 'வேதியர் ஒழுக்கம்'. எழுதியவர் கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி. தமிழ்நாடு வீரமாமுனிவர் என்று கொண்டாடும் அதே பெஸ்கி. 1680ஆம் ஆண்டு இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, 1710ஆம் ஆண்டு கோவா வந்து, அடுத்த ஆண்டே மதுரை மிஷனில் சேர்ந்தவர். 1720களிலும் 1730களிலும் நம் ஊர்தான் அவருக்குப் பணித்தளம். ஊருக்குத் திருக்காவலூர் என்று இலக்கியப் பெயர் சூட்டி, அடைக்கல மாதா மீது 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடியவர். பேரகராதிகளுக்கு முன்னோடியான 'சதுரகராதி'யை 1732இல் நிறைவு செய்தவர். பள்ளிக்கூடப் பாடநூலில் இவையெல்லாம் வந்துவிடும். ஆனால் 'வேதியர் ஒழுக்கம்' பாடநூலில் வராது. மேடைப் பேச்சிலும் அபூர்வம். என் மனத்துக்கு நம் பங்கின் அஸ்திவாரக் கல் அந்த உரைநடை நூல்தான். கற்றவர் மெச்சுவதற்காக அவர் அதை எழுதவில்லை. கிராமத்தில் தனியாக நின்று சபையை நடத்த வேண்டிய ஒரு குடும்பஸ்தன் எப்படி வாழ வேண்டும், எப்படிப் பேச வேண்டும், எதற்குப் பயப்படக் கூடாது என்று தெளிந்த தமிழில் எடுத்துச் சொல்கிற நூல் அது. வேதியர்களை வரவழைத்து, தியானம் கொடுத்து, தமிழும் வேதமும் பயிற்றிய இடமாக ஏலாக்குறிச்சி விளங்கியது.

அந்தப் பயிற்சிக்கு அவசரத் தேவையும் இருந்தது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கியதிலிருந்து லுத்தரன் சபை காவிரிப் படுகையில் கால் ஊன்றத் தொடங்கியது. அவர்களிடம் அச்சுக்கூடம் இருந்தது. தமிழில் அச்சான புதிய ஏற்பாடு இருந்தது. தஞ்சைப் படையில் சேவகம் பார்த்த ராசநாயக்கன் என்ற கத்தோலிக்கர் அதைப் படித்து 1720களின் இறுதியில் லுத்தரன் சபைக்குப் போய், அங்கே உபதேசியாராகப் பெரும்பணி செய்தார். 1733இல் அந்தச் சபை ஆரோன் என்ற தமிழரைக் குருவாகவே அபிஷேகம் செய்தது. பெஸ்கி 'வேத விளக்கம்' முதலிய கண்டன நூல்களை எழுதியது இந்தச் சூழலில். இரு தரப்பும் அன்று ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிக்கொண்ட கடுஞ்சொற்களை இன்று படித்தால் மனம் வருந்துகிறது. ஆனால் இரு தரப்பிலும் களத்தில் நின்றவர்கள் தமிழ் உபதேசியார்களே என்பதையும், அந்தப் போட்டியில் தமிழ் உரைநடை செழித்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆரோனையும் ராசநாயக்கனையும் நம் முன்னோரோடு சேர்த்து வணங்கும் காலம் இது.

இனி தேம்பாவணி. 1726ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 2026ஆம் ஆண்டோடு 300 ஆண்டு. 3 காண்டம், 36 படலம், 3,615 பாட்டு. பாட்டுடைத் தலைவர் சூசையப்பர். இதைப் பற்றிப் புலவர்கள் எழுதியது ஏராளம். ஊர்க்காரனாக எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு. தொடக்கத்தில் வரும் நாட்டுப் படலத்தை எடுத்துப் படியுங்கள். அவர் வருணிப்பது யூதேயா நாடு. ஆனால் மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிவதும், வெள்ளம் இறங்கி வந்து வயலை நிறைப்பதும், செந்நெல் விளைவதும் வருகிற அந்த நாடு நமக்குத் தெரிந்த நாடுதான். ஆடிப் பெருக்கில் கொள்ளிடம் இரு கரையும் தளும்பப் போவதைக் கண்ணால் பார்த்த மனிதர் எழுதியது. நாட்டு வளம் பாடாமல் காப்பியம் தொடங்கக் கூடாது என்ற மரபுக்காக மட்டும் அவர் அதைச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. சம்பா அறுவடைக்குக் கூலியாள் தேடி அலைகிற ஒருவன் கோயிலுக்கு வந்து கேட்கும்போது, சூசையப்பர் தன் ஊர்க்காரர் போலத் தோன்ற வேண்டும். அதற்கு இந்த மண்ணையே அவருக்குக் கொடுத்துவிட்டார்.

காப்பியம் எல்லாருக்கும் எட்டாது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் கித்தேரி அம்மாள் என்ற புனிதையின் கதையை அம்மானையாகப் பாடினார். பெண்கள் பாடிப் பழகிய உருவம் அம்மானை. எழுத்தறியாதவர்கள் காதால் கேட்டே கற்றுக்கொள்ளலாம். வேதியர்களின் கையில் இதுவும் ஒரு கருவி.

1740களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியைச் சுற்றிப் போர். 1741இல் மராட்டியர் கோட்டையைப் பிடித்தார்கள். வயதும் பிணியும் சேர்ந்த பெஸ்கி இந்தப் பகுதியை விட்டுத் தெற்கே போனார். 1747 பிப்ரவரி 4ஆம் நாள் கேரளத்தில் அம்பழக்காட்டில் இறந்தார். ஏலாக்குறிச்சி மண்ணில் அவருக்குக் கல்லறை இல்லை.

நம் கோயிலில் உள்ள கல்வெட்டு 1763ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அரியலூர் ரங்கப்ப மழவராயர் மாதா கோயிலுக்கு நிலமானியம் விட்ட செய்தியைச் சொல்வது. 175 ஏக்கர் என்பது ஊர் வழக்கு. மன்னருக்கு ராஜபிளவை கண்டு மருந்துக்கு அடங்காமல் போனபோது, முனிவர் மாதாவை வேண்டிக் குணப்படுத்தினார், அதற்கு நன்றியாக மன்னர் நிலம் கொடுத்தார் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த நம்பிக்கை நமக்கு அருமையானது. கூடவே ஆண்டுக் கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கல் நட்டபோது முனிவர் இறந்து 16 ஆண்டு ஆகிவிட்டது. 1759இல் போர்ச்சுக்கல் அரசு தன் ஆளுகையில் இருந்த சேசு சபையாரை வெளியேற்றிவிட்டது. மிஷனுக்குப் பணமும் வரவில்லை, புதிய குருக்களும் வரவில்லை. அப்படிப்பட்ட நாளில் ஓர் இந்து மன்னர் மாதா கோயிலுக்கு மானியம் விட்டுக் கல்லில் வெட்டி வைத்தார் என்றால், இங்கே கோயிலைக் காத்துக்கொண்டு ஒரு சபை நிலைத்திருந்தது என்று பொருள். சாமியார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளக்கேற்ற ஆள் இருந்தது. அந்தக் கல்லை மழவராயரின் பெருந்தன்மைக்குச் சாட்சியாகப் பார்க்கிறோம். பெயர் தெரியாத உபதேசியார்களுக்கும் அது சாட்சி என்பதே என் எண்ணம்.

1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமென்ட் சேசு சபையையே கலைத்தார். 1814இல்தான் சபை மீண்டும் உயிர் பெற்றது. இடையில் இருந்த குருக்கள் ஒவ்வொருவராக மூப்பில் மறைந்தார்கள். நம் பகுதி புதுச்சேரியில் இருந்த பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களின் பொறுப்புக்குப் போயிற்று. இந்த இடைக்காலம் பற்றிப் பங்கு வரலாறுகளில் இரண்டு வரிக்கு மேல் இருக்காது. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் ஐதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் இந்தப் படுகையைச் சூறையாடின. செபங்களும் பாட்டுகளும் ஓலைச்சுவடிகளும் அதையெல்லாம் தாண்டி எப்படி வந்தன? வீட்டுப் பரணில் வைத்துக் காத்தவர்களால் வந்தன. 1816இல் சென்னை அதிகாரி எல்லிஸ், பெஸ்கியின் நூல்களைத் தேடித் திரட்டும்படி முத்துசாமிப் பிள்ளையைத் தென்னாட்டுக்கு அனுப்பினார். அவர் ஊர் ஊராகத் தேடி, கேட்ட செய்திகளைக் கொண்டு 1822இல் முனிவரின் வரலாற்றை எழுதினார். தேம்பாவணி அச்சேற மேலும் காலம் பிடித்தது. 1850களின் தொடக்கத்தில் புதுச்சேரியில் வெளியாயிற்று. எழுதி முடித்து ஏறக்குறைய 125 ஆண்டு அது ஓலையிலும் நினைவிலும் வாழ்ந்தது.

1899 செப்டம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியிலிருந்து பிரித்துக் குடந்தை மறைமாவட்டம் ஏற்படுத்தப்பட்டது. பிரெஞ்சுக்காரரான பொத்தேரோ ஆண்டகை முதல் ஆயர். ஏலாக்குறிச்சி அதன் கீழ் வந்தது. தஞ்சை மறைமாவட்டமோ, மயிலை மறைமாவட்டத்தின் கீழ்ப் போர்த்துக்கீசிய ஆதரவில் இருந்த பகுதிகளைக் கொண்டு 1952இல் தனியே உருவாயிற்று. தஞ்சாவூருக்குப் பக்கத்துப் பூண்டி மாதா கோயில் ஏன் குடந்தையில் இருக்கிறது, தொலைவில் உள்ள வேளாங்கண்ணி ஏன் தஞ்சையில் இருக்கிறது என்று யாத்திரை வருகிறவர்கள் கேட்பதுண்டு. இரண்டு ஐரோப்பிய அதிகாரங்கள் இந்தப் படுகையைப் பங்கிட்ட பழைய கோடுகளே இன்றும் மறைமாவட்ட எல்லைகளாக இருக்கின்றன. பூண்டியும் பெஸ்கியின் பெயரைத் தன் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்லும் ஊர். 1999இல் அது பசிலிக்காவாக உயர்ந்தபோது நாமும் மகிழ்ந்தோம்.

நம் வழிபாடு வயலோடு நடக்கிறது. குறுவைக்கு நாற்று விடுமுன் விதைநெல்லைக் கோயிலுக்குக் கொண்டு வந்து மந்திரித்து எடுத்துப் போவார்கள். அறுத்த முதல் கதிரை மாதா பாதத்தில் வைத்த பிறகே புதுநெல் உலையேறும். கொடியேற்றம் முடிந்து நவநாள் நடக்கும் மாலைகளில் தென்கரை ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். பாலம் வராத காலத்தில் கோடையில் ஆற்று மணலில் நடந்தும், நீர் ஓடும்போது பரிசலிலும் தோணியிலும் வந்தார்கள். தேர் பவனியன்று உப்பும் மிளகும் போடுகிற கைகளில் கிறிஸ்தவர் கை எது, இந்து கை எது என்று யாரும் பார்ப்பதில்லை. மழவராயர் தொடங்கி வைத்த உறவு அது. அப்படியே இருக்க வேண்டும்.

பங்கு மலர்களில் எழுதத் தயங்குகிற ஒன்றையும் எழுதுகிறேன். மதுரை மிஷன் சாதியை ஏற்றுக்கொண்டே நடந்தது. மேல்சாதியாருக்குப் பார்ப்பனச் சந்நியாசி வேடத்தில் ஒரு வகைக் குருக்கள். மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகை. ஒடுக்கப்பட்டோர் வீட்டுக்குள் சென்று நோயில் பூசுதல் கொடுக்க மறுக்கக் கூடாது என்று 1744இல் 14ஆம் பெனடிக்ட் ஆணையிட வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்து, அவர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்தார்கள். கோயிலுக்குள் தனி இடம், கல்லறையில் தனிப் பகுதி என்று தமிழ்நாட்டின் பழைய பங்குகள் பலவற்றில் இது நீண்டது. வெயிலில் வயலில் நின்று இந்தப் பங்கின் நெல்லை விளைவித்தவர்களின் பெயர் கல்வெட்டிலும் இல்லை, கடிதத்திலும் இல்லை. ஒரே மேசையில் அசனம் உண்ணும் இன்றைய நாளில், அந்தக் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றை முதலில் கேட்டு எழுதுவது நம் கடமை.

1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை வைத்தார்கள். அவருக்கு அது தகும். அவர் எழுதிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்த வேதியர்களுக்கு எங்கும் ஒரு பலகைகூட இல்லை. நம் கோயில் வளாகத்தில் அவர்கள் பெயர் பொறித்த ஒரு கல் இருக்க வேண்டும். அதற்குப் பெயர்கள் வேண்டும்.

ஆகவே பங்கு மக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் உபதேசியாராகவோ கோயில்பிள்ளையாகவோ இருந்த முன்னோர் உண்டானால் பெயரையும் தெரிந்த காலத்தையும் எழுதிக் கொடுங்கள். பழைய செபப் புத்தகம், ஓலைச்சுவடி, ஞானஸ்நானச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, புதுநன்மைப் படம் எதுவானாலும் பங்கு இல்லத்துக்குக் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தந்துவிடலாம். அம்மானையும் வியாகுலப் பாட்டும் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்து கொடுங்கள். படங்களின் பின்புறம் யார் யார் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த சம்பா அறுவடைக்குள் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.